எத்தினி ஆஃப்?

பெரியதம்பி: இப்பல்லாம் எவன்யா ஒழுங்கா நடந்துக்கிறான்? எங்கூட்ல ஒக்காந்து, எங்கொல்லையில வெளஞ்ச மல்லாட்டைய ஒடச்சி ஒடச்சி கடலய தின்னுக்கினு, எம் மூஞ்சிக்கு நேரா இங்கிலீஷ்ல பேசிக்கிறானுங்க.

கோதண்டபாணி: அதுக்குன்னு தாம்பூலத் தட்ட திருப்பி அனுப்பறதா மாமா? திண்டிவனத்துல மாப்ள வூட்ல எல்லாம் கொதிச்சிக்கினு கெடக்கறாங்க.

பெரியதம்பி: கொதிக்கட்டும். தட்டயும் குடுத்துட்டு, கல்யாணத்த நிறுத்திட்டோம்னு அப்பனும் புள்ளயும் கமுக்கமா பேசிப்பானுங்க... நான் இளிச்சிக்கினு நிக்கணுமா?

கோதண்டபாணி: நிறுத்திட்டாங்கன்னு யாரு சொன்னது?

பெரியதம்பி: அதோ நிக்கிறா பாரு, உங்கக்கா பொண்ணு. விழுப்புரத்துக்கு பஸ் ஏறிப் போயி பி.ஏ. படிக்கிறவ. அவளக் கேளு.

செண்பகம்: காபி போடட்டுமா மாமா?

கோதண்டபாணி: இரும்மா... மாமா, அவங்க சொன்னது புட் ஆஃப். பையனோட பாட்டன் செத்து வருசம் திரும்பல, தை மாசத்துக்கு தள்ளி வச்சிக்கலாம்னு அர்த்தம். நிறுத்தறதுன்னா கால் ஆஃப்.

பெரியதம்பி: ரெண்டுலயும் ஆஃப் இருக்குதா இல்லியா?

கோதண்டபாணி: இருக்குது...

பெரியதம்பி: மோட்டார ஆஃப் பண்ணா தண்ணி நிக்குமா, தை மாசம் வருமா?

கோதண்டபாணி: அது வேற ஆஃப் மாமா.

பெரியதம்பி: எத்தினி ஆஃப்யா வச்சிருக்கான் வெள்ளக்காரன்? நீ சொன்ன ரெண்டயும் நான் கேட்டேன். மொதல்ல புட்டு, அப்பறம் காலு. காலு, ஆஃபுன்னதும், காலும் அரையுமா எதுக்கோ வெல பேசறானுங்கன்னு இருந்தேன்.

கோதண்டபாணி: கால் ஆஃபும் சொன்னாங்களா? இருக்காதே...

பெரியதம்பி: எங்காதுல என்னா, மல்லாட்டத் தோலா அடச்சிருக்குது?

செண்பகம்: அப்பா, கரண்ட் வந்துடுச்சி. மறுபடி போயிடும், ஜல்தியா போயி மோட்டார போடுங்க.

பெரியதம்பி: போறேன். தள்ளி வைக்கிறவன் தமிழ்ல தள்ளி வைக்க வேண்டிதான? வாய்க்குள்ள என்னாத்துக்கு முணுமுணுப்பு? நீ ஆயிரம் சொல்லு கோதண்டம்... ஆஃப்னா ஆஃப்தான்.

கோதண்டபாணி: மாமா... மாமா, நில்லுங்க... போயிட்டாரு மனுசன். செண்பகம், நெஜத்த சொல்லு. பி.ஏ. படிக்கிற உனக்கா இந்த ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியல?

செண்பகம்: தெரியும் மாமா. ரெண்டும் சொன்னாங்க. கல்யாணம் புட் ஆஃப்... எம் படிப்பு கால் ஆஃப். அப்பாகிட்ட நான்தான் எடம் மாத்தி சொல்லிட்டேன்.