ஃபாயில் சுத்தின மச்சானும் மாப்ளையும்

— சார், முதல்ல முகத்துல சுத்தியிருக்குற ஃபாயிலைப் பிரிங்க. யார்கிட்ட பேசுறேன்னே தெரியல.

— மாட்டேன் மேடம். காலைல லேபுக்கு போன் பண்ணப்போ நீங்கதானே சொன்னீங்க, இந்த டெஸ்டுக்கு ரத்தத்து மேல வெளிச்சமே படக்கூடாதுன்னு?

— தெய்வமே! எடுத்த ரத்தத்து மேல சார்! குழாயில பிடிச்சதும் அந்தக் குழாயை ஃபாயில்ல சுத்தி வைப்போம். வெளிச்சம் பட்டா உள்ள இருக்குற போர்ஃபிரின் கெட்டுப்போயிடும். அதுக்காக ஆளையே சுத்திக்கிட்டு வருவீங்களா?

— யோசிச்சுப் பாருங்க. எடுக்குறதுக்கு முன்னாடி அந்த ரத்தம் எங்க இருக்கு? எனக்குள்ள. நான் எங்க இருந்தேன்? பஸ்ல, ஜன்னலோரமா.

— நானும் தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன் மேடம், மச்சான் கேக்கல. பஸ்ல ஒரு குழந்தை இவரைப் பாத்துட்டு வீல்னு கத்திடுச்சு.

— தம்பி, நீங்க யாரு? நீங்களும் ரெண்டு கையையும் சுத்திக்கிட்டு நிக்கிறீங்க?

— என் பொண்டாட்டியோட தம்பி மேடம். என் கிட்னி ரெண்டும் படுத்துடுச்சுல்ல, அடுத்த வாரம் ஆபரேஷன், இவன்தான் ஒண்ணு தர்றான். யோசிச்சுப் பாருங்க, அது இப்பவே பாதி என் சொத்து. என் சொத்தை வெயில்ல காயவிடலாமா?

— கிட்னி முதுகுப் பக்கம் இருக்கு சார். கையை எதுக்குச் சுத்தினார்?

— முதுகுக்குத்தான் நான் சொன்னேன். கைக்கு அவனாவே சுத்திக்கிட்டான்.

— முதுகுலயும் இருக்கு மேடம், சட்டைக்குள்ள. சாஞ்சா கரகரன்னுது. அதை விடுங்க, இந்த போர்ஃபிரின் ஜாஸ்தியா இருந்தா மச்சானுக்கு நல்லதா, கெட்டதா?

— அது ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தர்ற சரக்கு உடம்புல தயாராகுறப்போ மிஞ்சுறது தம்பி. கிட்னி வேலை செஞ்சா வெளிய தள்ளிடும். இவருக்குத் தள்ளல, டயாலிசிஸ் மிஷினும் முழுசா இழுக்காது. தேங்கி நின்னா வெயில் பட்ட இடமெல்லாம் கொப்புளம். இவர் கையில ஃபாயில் ஓரமா கொப்புளம் தெரியுதே, அது அப்படி வந்ததுன்னா ஆபரேஷன் நடக்கும். வேற ஏதாவது கிருமின்னா தள்ளிப்போட்டுடுவாங்க.

— அப்போ ஜாஸ்தியா இருக்கணும். சாமி, எக்கச்சக்கமா இருக்கணும்!

— ஜாஸ்தியா வரணும்னு வேண்டிக்கிற குடும்பத்தை இப்பதான் பாக்குறேன். சரி சார், கையை நீட்டுங்க. ஐயோ, அது டயாலிசிஸ் போடுற கை, அதுல குத்தக்கூடாது. அடுத்த கை.

— ஒரு நிமிஷம் மேடம். குழாயைச் சுத்த ஃபாயில் வச்சிருக்கீங்களா?

— இருக்கே... இல்லையே. தெய்வமே, ரோல் தீந்துடுச்சு.

— பாத்தியா மாப்ள! சிரிச்சாங்களே, இப்போ யாருக்கு யார் ஃபாயில் குடுக்குறது?

— உங்க தலையில இருந்து கொஞ்சம் கிழிச்சுக்கறேன் சார்.

— இது எல்லாம் கசங்கி ஓட்டை மேடம். வெளிச்சம் உள்ள பூந்துடும். மாப்ள கையில இருக்குறது புதுசு. டேய், பிரிச்சுக் குடு.

— என்னோடதா? முடியாது மச்சான். முதுகுல இருக்கு, அதை எடுத்துக்கங்க.

— அது வேர்வையில ஊறிக் கெடக்கும்டா. கையில இருக்குறதைக் குடு.

— கடைக்கு ஓடி ஒரு ரோல் வாங்கிட்டு வந்துடறேன்.

— கிட்னியே தர்றவன், ஃபாயில் தர மாட்டானாம்! மேடம், பிடிச்சு இழுங்க.

— மச்சான், வேணாம். மேடம், சத்தியமா வேணாம்... விடுங்க!

— தம்பி, கையில என்ன இது கொப்புளம்?

— அடுப்புல சுட்டுக்கிட்டேன் மேடம்.

— ரெண்டு கையிலயும், புறங்கையில மட்டுமா? திருப்புங்க. இது சுட்ட கொப்புளம் இல்ல தம்பி. உங்க மச்சான் கையில இருக்குறது அப்படியே இருக்கு. எப்போலேர்ந்து?

— உங்க டெஸ்டெல்லாம் முடிஞ்சு, நான் குடுக்கலாம்னு டாக்டர் சொன்னதுக்கு அப்புறம்தான். அப்போ ஒண்ணும் இல்ல மேடம், சத்தியமா. தயவுசெஞ்சு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. ஆபரேஷனை நிறுத்திடுவாங்க. எங்க அக்காகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்? இவர் நல்லா நடமாடிட்டா போதும், என் கைக்கு அப்புறம் மருந்து போட்டுக்கறேன்.

— உங்களுக்கும் கால் வீங்குதா? மூச்சு வாங்குதா?

— படி ஏறினா மட்டும். அது எல்லாருக்கும் வாங்கும்ல?

— சார், நீங்க ஒரு நிமிஷம் உக்காருங்க. உங்களுக்கு எடுத்துட்டு தம்பிகிட்ட பேசறேன்.

— எனக்கு எடுக்க வேணாம் மேடம். போன வாரமே வேற லேப்ல குடுத்து ரிசல்ட்டும் வாங்கியாச்சு, எனக்கு போர்ஃபிரின் ஜாஸ்திதான். இவன் கையில இருக்குறதை அன்னிக்கே பாத்துட்டேன். நேரா வாடான்னா இவன் வரமாட்டான், கையை மறைச்சுக்க வழி இருந்தாதான் வருவான்னுதான் வெக்கத்தை விட்டு இந்த வேஷம். இவனுக்கு எடுங்க, எனக்குக் குடுக்குறேங்கிற கிட்னி இவனுக்கே பத்துமான்னு பாருங்க.