உடனே குடியேறலாம்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில்: நகரின் மதிப்புமிக்க தெருவில், நூற்றுப்பத்து ஆண்டுப் பெருமை கொண்ட மூன்று மாடி மாளிகை விற்பனைக்கு. தேக்குப் படிக்கட்டு. காற்றோட்டமான அறைகள். வரலாறே குடியிருந்த இல்லம். வீட்டில் ஆளில்லை, உடனே குடியேறலாம்.

எழுதியவன் நான்தான், இன்ஸ்பெக்டர் ஐயா. வீட்டுத் தரகில் இருபத்தாறு வருடம். வரலாறு குடியிருந்தது என்றால் கூரை ஒழுகும் என்று அர்த்தம். அது வாங்குகிறவர்களுக்கும் தெரியும். ஆனால் அப்பட்டமான பொய்யை நான் அச்சில் ஏற்றியதில்லை. ‘ஆளில்லை’ என்பது மட்டும் உறுத்தியது. ஆள் இருந்தார்.

உரிமையாளரின் அத்தை. எழுபத்தெட்டு வயது. அச்சகத்தில் பிழை திருத்தி ஓய்வு பெற்றவர். சாகும்வரை மேல்மாடியில் இருக்கலாம் என்று அவருக்கு உயிலில் உரிமை. உரிமையாளர் வெளிநாட்டிலிருந்து போனில், “அத்தை விஷயத்த நீங்களே பாத்துக்கோங்க சார். எங்கிட்ட எதுவும் சொல்ல வேண்டாம்” என்றார். பெருந்தன்மையான மனிதர்.

அந்தப் பெரியம்மாவிடம் பேசிப் பார்த்தேன்.

“நான் எங்கயும் போறதா இல்ல தம்பி. வாங்குறவங்க என்னையும் சேத்து வாங்கட்டும். நானும் பழசுதான, பெருமையா இருக்கும்.”

கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொண்டார். யாராவது வீடு பார்க்க வரும்போது படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் வெள்ளி அறையில் உட்கார்ந்துகொள்வார். அந்தக் காலத்தில் வெள்ளிப் பாத்திரங்களைப் பூட்டி வைத்த அறை. இரும்புக் கதவு, தாழ் வெளியில் மட்டும். கதவுக்கு மேலே கையகல ஓட்டை ஒன்று. உள்ளே ஒரு நாற்காலி, ஒரு விளக்கு, பிளாஸ்கில் காபி, பென்சில், என் விளம்பரத் தாள். அரை மணி நேரத்தில் எல்லாவற்றிலும் பிழை கண்டுபிடித்து வைத்திருப்பார்.

“‘எழில்மிகு’ன்னு மூணு தடவ போட்டிருக்கியே, ஒரு எழிலாவது கண்ணுல படுதா?”

நான் சிரிப்பேன். அந்த மூன்றையும் அடித்துவிட்டேன். உண்மையில் எனக்கு அவரைப் பிடிக்கும்.

ஒருமுறை ஒரு துணிக்கடை முதலாளியிடம் படிக்கட்டின் கதையை உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். சுவருக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு. “பழைய வீடு சார், காத்து” என்றேன். காற்று இருமியது. முதலாளி திரும்பி வரவேயில்லை.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மருத்துவத் தம்பதி வந்தார்கள். அவர்கள் வருமுன் அந்த ஓட்டையில் ஒரு துண்டைச் சுருட்டி அடைத்து, மேலே ஒரு படத்தை மாட்டினேன். சத்தம் வரக்கூடாது, அவ்வளவுதான். அவர்களுக்கு வீடு மிகவும் பிடித்துவிட்டது. “வீட்ல நிஜமாவே யாரும் இல்லையே? அப்ப திங்கக்கிழமையே பேசி முடிச்சிடலாம்” என்றார் அந்த அம்மாள். நான் சொன்ன பதில் விளம்பரத்திலேயே இருக்கிறது.

மறந்துவிட்டேனா என்று கேட்டீர்கள். நான் மறப்பவன் இல்லை. ஒவ்வொரு முறையும் கிளம்புமுன் சரிபார்க்க என் நோட்டில் ஒரு பட்டியல் உண்டு. விளக்குகளை அணை. ஜன்னல்களைச் சாத்து. பெரியம்மாவைத் திறந்துவிடு. வாசலைப் பூட்டு. அன்று முதல் இரண்டுக்கும் டிக் போட்டேன். மூன்றாவதைப் படித்தேன். இரண்டு தடவை படித்தேன். கதவு தட்டும் சத்தம் கேட்டது, பெரிதாக ஒன்றுமில்லை, பக்கத்து வீட்டில் ஆணி அடிப்பதுபோல. நான்காவதுக்கு டிக் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டேன். சனி, ஞாயிறு எனக்கு விடுமுறை.

திங்கட்கிழமை காலை முதலில் ஓட்டையிலிருந்து துண்டை எடுத்தேன், பிறகு கதவைத் திறந்தேன். தாழ் தானாக விழுந்திருக்கும் என்று உங்களிடம் சொன்னேன். வயதானவர், பழைய கதவு. நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். விளம்பரம் அப்போதுதான் முழு உண்மையானது. எனக்கு அதில் ஒரு நிம்மதிகூட இருந்தது.

அவர் மடியில் கிடந்த தாளை மட்டும் உங்களிடம் கொடுக்கவில்லை. இதோ. வழக்கமாகப் பக்கம் முழுக்கத் திருத்துவார். இதில் ஒரே இடத்தில்தான் பென்சில் பட்டிருக்கிறது. ‘காற்றோட்டமான’ என்பதை அடித்திருக்கிறார். கோடு கொஞ்சம் கோணல்.

அவர் சொன்னது சரிதான். புதிய விளம்பரத்தில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டேன்.

ஆள் செத்த வீடு வேண்டாம் என்று மருத்துவத் தம்பதி சொல்லிவிட்டார்கள். வீடு இன்னும் விற்கவில்லை.