மொட்டையும் சுருட்டையும் குதிரை ரேசும்

ஐயையோ, ரேடியோவை அணைக்காதீங்க தம்பி, அது பாட்டுக்கு ஓடட்டும். எனக்கென்ன தொந்தரவு? மொட்டையும் சுருட்டையும்தானே பேசறாங்க? இந்த நாடகத்துல சுருட்டையா பேசறது என் வீட்டுக்காரர். மொட்டை என் கூடப்பிறந்த அண்ணன். சத்தியமா! கண்ணாடியில என்னைப் பாக்காதீங்க, ரோட்டைப் பாருங்க.

நெஜத்துல சுருட்டைக்குத் தலையில ஒத்தை முடி கிடையாது. மொட்டைக்குத்தான் காடு மாதிரி முடி. ரேடியோவுல யாருக்குத் தெரியப் போகுதுன்னு சிரிப்பாங்க.

இப்ப ஓடுதே, குதிரை ரேசு, இது பாதி நெஜமாவே நடந்த கதை. நாடகத்துக்கு வேணும்னுதான் மொதல்ல பாக்கப் போனாங்க. ஒரு குதிரை தன்னைப் பாத்துத் தலையாட்டுச்சுன்னு என் வீட்டுக்காரர் அது மேல பணம் கட்டினாரு. கதவு திறந்ததும் மத்ததெல்லாம் பறக்குது, இது மட்டும் நின்ன இடத்துலயே தலையாட்டிக்கிட்டு நிக்குதாம். அப்புறம் விடுவாங்களா? வாராவாரம் போனாங்க. ஒருநாள் ரெண்டு பேருக்கும் சண்டை, ஆளுக்கொரு குதிரை மேல கட்டினாங்க. ரெண்டும் கடைசியில, ஒட்டி ஒட்டி, ஊர்க்கதை பேசிக்கிட்டு வர்ற மாதிரி வந்துச்சாம். கேட்டுச் சிரிச்சுச் சிரிச்சு எனக்கு வயிறு வலிச்சுப் போச்சு.

இதைப் பதிவு பண்ணின மறுவாரம் என் வீட்டுக்காரர் போயிட்டாரு. மாரடைப்பு. ஒலிபரப்பானப்ப ஊரே சிரிக்குது, நானும் அண்ணனும் அந்தப் பெட்டியையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோம்.

இல்ல தம்பி, அண்ணன் அதுக்கப்புறம் நாடகத்துல வேற யாரோடயும் ஜோடி சேரல. கல்யாணமும் ஆகல, என்கூடவே வந்து இருந்துட்டாரு. இப்ப பழசையெல்லாம் தினம் மத்தியானம் மறுபடி போடறாங்கல்ல, ரேடியோ முன்னாடி நாற்காலியைப் போட்டுக்குவாரு. தன் வசனம் வந்தா கூடவே பேசுவாரு. என் வீட்டுக்காரர் வசனம் வந்தா வாயை மூடிக்கிட்டுக் கேப்பாரு. சமையல்கட்டுல இருந்து கேட்டா வீட்டுல மூணு பேர் இருக்கற மாதிரியே இருக்கும்.

பயமா? மொதல்ல ஆறுதலாத்தான் இருந்துச்சு. அப்புறம் அண்ணன் நடுநடுவுல நாடகத்துல இல்லாததெல்லாம் கேக்க ஆரம்பிச்சாரு. மாப்ள, சாப்டியா? மாப்ள, அங்க குளிருதா? அப்பத்தான் எனக்குப் பயம் வந்துச்சு.

நேத்து இதோட முதல் பாகம் போட்டாங்க. அண்ணன் கேக்கறாரு, மாப்ள, நானும் வரட்டுமா? ரேடியோவுல என் வீட்டுக்காரர் சொல்றாரு, கேட்டுக்கிட்டு நிக்காதே மச்சான், கிளம்பு, நேரமாச்சு. பழைய வசனம்தான், எனக்கே மனப்பாடம். ஆனா அண்ணன் எழுந்து போயி நல்ல சட்டையா எடுத்துப் போட்டுக்கிட்டாரு.

காலையில பாத்தா, ஷூவெல்லாம் மாட்டிக்கிட்டு வாசலைப் பாத்து உக்காந்திருக்காரு. எங்கண்ணே கிளம்பிட்டீங்கன்னு கேட்டேன். பேசல. நாடகக்காரராச்சே, நடிக்கறாருன்னு நினைச்சேன். தோளைத் தொட்டேன்.

நீங்க ஏன் வண்டியை ஓரங்கட்டறீங்க? ஓட்டுங்க. ஆஸ்பத்திரி முன்வாசல் வேண்டாம் தம்பி, பின்பக்கமா விடுங்க. அங்கதான் அண்ணனை வச்சிருக்காங்களாம்.