வாத்துக்குஞ்சுக்கு உயிர் குறையாது

பெரியக்கா, தூங்கிட்டியா? லைட் போடாத, சும்மாதான். அந்தத் தவளை கேம்ல முதல் பார்ட்டை விட ரெண்டாவது பார்ட்தான் நல்லா இருக்கும், தெரியுமா.

முதல் பார்ட்ல தவளை தனியா குதிச்சுக் குதிச்சு ஓடணும். ரெண்டாவதுலதான் பின்னாடியே ஒரு வாத்துக்குஞ்சு வரும். அதுக்கு ரெண்டாவது கன்ட்ரோலர். அதைத் தம்பிகிட்ட குடுத்துடுவேன். வாத்து குழியில விழுந்தாலும் உயிர் குறையாது, கொஞ்ச நேரத்துல பறந்து வந்துடும். "சின்னக்கா, நான் செத்துட்டேன், இரு வரேன்"ம்பான். "வராட்டி ஒண்ணும் குடி முழுகிப் போகாதுடா எருமை"ம்பேன். சிரிப்பான். சிரிச்சா இருமல் வரும்.

அது அப்பாவோட பழைய கேம் செட்டு, பாதியில சேவ் பண்ண முடியாது. ஆஃப் ஆனா முதல்லேருந்துதான். ஹால்ல டிவியோட ப்ளக் டிவிக்குப் பின்னாடி, கையே போகாது. கீழ இருக்கிற ரெண்டுல ஒண்ணு கருகிப்போச்சு. மிச்சம் ஒண்ணுலதான் கேம். தம்பிக்கு மூச்சு இழுத்தா கேமைப் பிடுங்கிட்டு, மருந்தைப் புகையாக்கிக் குடுக்கிற அவன் மெஷினைச் சொருகணும். நாலு தடவை பிடுங்கியிருக்கேன். நாலு தடவையும் கடைசி ஸ்டேஜ் பக்கத்துல. அவனை ஒரு வார்த்தை திட்டினதில்ல.

அன்னிக்கு நீயும் இல்ல, அம்மா ஷிப்ட்ல, அப்பா வண்டி ஓட்டப் போயிட்டாரு. மூணு மணி நேரமா ஆடி கடைசி ஸ்டேஜ்ல பெரிய நண்டு வந்துடுச்சு. தம்பி, "சின்னக்கா, மெஷின்"னான். "ஒரு நிமிஷம்டா"ன்னேன். கன்ட்ரோலரைக் கீழ வச்சுட்டான். அப்பவும் வாத்து அதுபாட்டுக்கு என் பின்னாடியே வந்துது.

கேமைப் பாஸ் போட்டு நிறுத்திட்டு, கிச்சன்ல ஃபிரிட்ஜைப் பிடுங்கி அங்க மெஷினைச் சொருகியிருக்கலாமேன்னு கேப்ப. போட்டிருக்கலாம். பாஸ் போட்டா கை பழக்கம் விட்டுப்போயிடும்.

நண்டு செத்துது. அப்புறம் கேமைச் செஞ்சவங்க பேரெல்லாம் வரிசையா ஓடும். அதையும் பார்த்தேன், அது முடிஞ்சாதான் தவளை வீட்டுக்குப் போறதைக் காட்டும். அப்புறம் பிடுங்கினேன். மெஷின் நல்லாத்தான் ஓடுச்சு. மாஸ்க்ல புகையா வந்துது. அவன்தான் உள்ள இழுக்கல.

எல்லார்கிட்டயும் ப்ளக்ல கரண்ட் வரலன்னு சொன்னேன். அதான் அப்பாகூட அம்மா பேசுறதில்ல. ஒரு ப்ளக் மாத்தத் துப்பில்லன்னு சொன்னாங்கல்ல, நீயும்தான் இருந்த. அப்பா இந்தப் பதினோரு நாள்ல அதை ரெண்டு தடவை கழட்டி மாத்திட்டாரு. மாத்திட்டு டெஸ்டர் வச்சுப் பார்க்கிறாரு. எரியுது. மறுபடி பார்க்கிறாரு. நான் டார்ச் பிடிக்கிறேன்.

தம்பி கன்ட்ரோலர்ல அவன் கைப் பிசுக்கு இன்னும் இருக்கு. துடைக்க மனசு வரல.

கையை விடாதக்கா. நான் ஒண்ணும் அவனைக் கேக்காம ஆடல. நண்டு சாகறதுக்கு முன்னாடியே, "முடிச்சுட்டுப் போடவாடா"ன்னு கேட்டேன். வாயால பேச முடியல, தலையாட்டினான். அவனுக்குச் சம்மதம்தான்க்கா. நான் கேக்காதப்பவும், ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு தடவை, ஆட்டிக்கிட்டேதான் இருந்தான்.