மைதானத்துக்கு முதுகு காட்டி நின்றவர்

மேடையில் அமர்ந்திருக்கும் லீக் தலைவர் அவர்களே, கிளப் உரிமையாளர்களே, நடுவர் சங்கத்துப் பெரியவர்களே, வீரர்களே, முன்வரிசையில் இருக்கும் எங்கள் அண்ணி அவர்களே, அண்ணனின் மகளே, சொந்தபந்தங்களே, இடமில்லாமல் நின்றுகொண்டே கேட்கும் ரசிகத் தோழர்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

மைக் பிடிப்பதுதான் என் பிழைப்பு. நம் லீக் மைதானங்களில் நான் அறிவிப்பாளர். கோல் போட்டது யார், வெளியே போவது யார், உள்ளே வருவது யார், கூட்டத்தில் கைவிட்டுப்போன பிள்ளை எந்த வாசலில் அழுதுகொண்டு நிற்கிறது, இதையெல்லாம் சொல்லும் குரல் என்னுடையது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு இன்றைக்குத்தான் மைக்கைத் தொடுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. அதை மறைக்கப் போவதில்லை. நான் பேச வந்திருப்பது ஒரு பயந்த மனிதரைப் பற்றி.

நம் தேசியத் தொழில்முறைக் கால்பந்து லீக்கின் பாதுகாப்புத் தலைமை அதிகாரி அவர். கூடப் பிறக்காவிட்டாலும் எங்களுக்கெல்லாம் அண்ணன். கிளப்புகளில் அவருக்கு வைத்த பெயர் வேறு. 'பதற்றம்'. "பதற்றம் வந்தாச்சு, கேட்டையெல்லாம் திறந்து வைங்க" என்று அவர் காதுபடவே சொல்வார்கள். அவர் கோபித்துக்கொண்டதில்லை. "பேரைச் சொன்னாலும் பரவாயில்ல, கேட்டைத் திறக்குறாங்கள்ல" என்பார்.

உறவினர்களில் கால்பந்து பார்க்காதவர்கள் பலர் வந்திருக்கிறீர்கள். உங்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். எங்கள் லீக்கில் பதினாறு கிளப்புகள். ஒவ்வொன்றும் மற்ற எல்லா கிளப்புகளோடும் இரண்டு முறை மோதும், ஒருமுறை தன் மைதானத்தில், ஒருமுறை எதிராளியின் மைதானத்தில். ஜெயித்தால் மூன்று புள்ளி, சமனானால் ஒன்று, தோற்றால் ஒன்றுமில்லை. பருவம் முடியும்போது பட்டியலின் உச்சியில் நிற்பவர்களுக்குக் கோப்பை. அடியில் நிற்கும் இரண்டு கிளப்புகள் கீழ் லீக்குக்கு இறங்க வேண்டும், அங்கே முதலிரண்டு இடம் பிடித்தவர்கள் மேலே வருவார்கள்.

சொல்லும்போது கணக்குப் பாடம் போல இருக்கிறது. இறங்குவது என்றால் என்ன என்று இறங்கியவர்களைக் கேளுங்கள். டிவிக்காரர்கள் வர மாட்டார்கள். நல்ல வீரர்கள் வேறு கிளப்புக்குப் போய்விடுவார்கள். சமையல்காரர், துணி துவைப்பவர், புல் வெட்டுபவர், யாருக்கு அடுத்த மாதம் வேலை இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. கோப்பைக்காக ஆடுகிறவர்களைவிட இறங்கிவிடக் கூடாது என்ற பயத்தில் ஆடுகிறவர்கள்தான் இந்த லீக்கில் அதிகம். அந்தப் பயம் வீரர்களோடு நிற்பதில்லை. கேலரி முழுக்கப் பரவும்.

இந்த லீக் தொடங்கிய காலத்தில் வீரர்கள் பகலில் ஆபீஸ் போய்விட்டுச் சாயங்காலம் பயிற்சிக்கு வருவார்கள். கேலரி என்றால் மரப்பலகை, வேலி என்றால் கயிறு. அப்புறம் டிவி வந்தது, விளம்பரம் வந்தது, வெளிநாட்டு வீரர்கள் வந்தார்கள். கூட்டம் அலைமோதியது. கேலரிகளை உயர்த்திக் கட்டினார்கள். அந்த நேரத்தில்தான் கட்டடப் பொறியாளரான அண்ணன் லீக்குக்கு வேலைக்கு வந்தார். வந்த புதிதில் அவர் கேட்ட கேள்வி இதுதான்: "கேலரி ரெண்டு மடங்காச்சு. வாசல் ஏன் அதே வாசலா இருக்கு?"

ஒவ்வொரு கிளப்பிலும் போய் அதையே கேட்டார். ஒரு கிளப் கூட்டத்தில் உரிமையாளர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார், "உங்களுக்குப் பயப்படுறதுக்குத்தான் சம்பளம் போல." அண்ணன் சிரிக்கவில்லை. "ஆமாங்க. நீங்க எல்லாரும் பயமில்லாம ஆட்டம் பாக்கணும்னா, யாராவது ஒருத்தர் பயந்துக்கிட்டே இருக்கணும்" என்றார்.

அப்படித்தான் இருந்தார். ஆட்டம் நடக்கும்போது அவரைப் பார்த்திருக்கிறீர்களா? எல்லைக்கோட்டுக்கு வெளியே, மைதானத்துக்கு முதுகு காட்டி நிற்பார். முதுகு காட்டுவது என்றால் நம் மொழியில் கோழைக்குச் சொல்வது. அண்ணன் அப்படி நின்றுதான் கேலரியைப் பார்த்தார். எத்தனையோ பருவங்கள் இந்த லீக்கில் வேலை செய்தவர், ஒரு கோல்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. ஆட்டம் முடிந்து வீட்டுக்குப் போனால் அண்ணி கேட்பாராம், "யாரு ஜெயிச்சா?" அதற்கு அவர், "தெரியல. எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டாங்க." மகளின் கல்யாணத்திலும் மாப்பிள்ளையைப் பார்க்காமல் மண்டபத்து வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார் என்று அண்ணி இன்று காலையில்கூடச் சொல்லிச் சிரித்தார். சிரித்துவிட்டு அழுதார்.

ஒரு முறை கோப்பையை முடிவு செய்யும் ஆட்டத்தன்று, தூணில் விரிசல் இருக்கிறது என்று ஒரு கேலரியை மூடிவிட்டார். டிக்கெட் வாங்கியவர்கள் சும்மா இருப்பார்களா? அவருடைய காரைச் சூழ்ந்துகொண்டார்கள். கண்ணாடியில் குத்தினார்கள், காரைத் தூக்கித் தூக்கிப் போட்டார்கள். நான் பின் இருக்கையில் இருந்தேன். அண்ணன் முன் இருக்கையில் தலையைக் கையால் மூடிக் குனிந்திருந்தார். அவர் பற்கள் கிடுகிடுக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. அன்றைக்கு அண்ணி அவரிடம், "போதும், இந்த வேலையை விட்டுடுங்க" என்று கெஞ்சினார். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "விட்டா வீட்ல உக்காந்து பயப்படணும். அங்க போனா, பயந்ததுக்கு ஏதாவது செய்யலாம்."

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. அதைச் சொல்லாமல் நான் மேடையை விட்டு இறங்க முடியாது. சொல்லவும் பயமாக இருக்கிறது.

பருவத்தின் கடைசிச் சுற்று. அந்த மைதானத்துச் சொந்த அணி தோற்றால் கீழ் லீக்குக்கு இறங்க வேண்டும். கேலரியில் இடமில்லை, டிக்கெட் இல்லாத கூட்டம் வெளியேயும் நின்றது. அந்தக் கூட்டம் உள்ளே புகுந்துவிடும் என்று பயந்து, தெற்குக் கேலரியின் வெளிவாசலை யாரோ வெளியிலிருந்து சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார்கள். அண்ணன் ஆட்டத்துக்கு முன்னால் பார்த்தபோது அது திறந்துதான் இருந்தது. யார் பூட்டினார்கள் என்பதை விசாரணைக் குழு சொல்லட்டும். அது என் வேலை இல்லை.

இடைவேளைக்குப் பிறகு எதிரணி அடுத்தடுத்து இரண்டு கோல் போட்டது. தெற்குக் கேலரியில் மனம் உடைந்தவர்கள் எழுந்து கிளம்பினார்கள். அந்தக் கேலரியின் படிக்கட்டு கீழே ஒரு குறுகிய நடைவழியில் இறங்கும். இரண்டு பக்கமும் சுவர், மேலே கான்கிரீட், கோடியில் அந்த இரும்பு கேட். நான் எதிர்ப்பக்கம் கண்ணாடி அறையில் உட்கார்ந்திருந்தேன். என் கண்ணுக்கு எல்லாம் சாதாரணமாகத்தான் தெரிந்தது. தெற்குக் கேலரியின் ஓரத்து இடைவெளி வழியாக வெளிச்சாலை தெரியும் இடத்தில் நின்ற அண்ணனின் குரல் வாக்கி-டாக்கியில் வந்தது.

"தங்கச்சி, தெற்குப் படிக்கட்டுல ஆளுங்க இறங்கிக்கிட்டே இருக்காங்க."

"ஆமாண்ணே, தோத்துட்டோம்னு கிளம்புறாங்க."

"வெளிய ஒருத்தரும் வரல."

ஆட்கள் இறங்குகிறார்கள். வெளியே ஒருவரும் வரவில்லை. அப்படியென்றால் அவர்கள் எல்லோரும் எங்கே?

"ஆபத்துன்னு சொல்லிடாத" என்றார். "சொன்னா மொத்தக் கேலரியும் ஓடி அந்தப் படிக்கட்டுக்கே வரும். ஆட்டத்தை நிறுத்திட்டு வீரர்கள் தெற்குப் பக்கம் வந்து நன்றி சொல்லப் போறாங்க, எல்லாரும் மேல வந்து உக்காருங்கன்னு சொல்லு. சிரிச்சுக்கிட்டே சொல்லு. எனக்கும் பயமாத்தான் இருக்கு தங்கச்சி. சொல்லு."

சொன்னேன். குரலில் சிரிப்பை வைத்துச் சொன்னேன். அப்படி ஒரு ஏற்பாடு எந்த லீக்கிலாவது உண்டா? ஆட்டத்தின் நடுவில் யாராவது போய் நன்றி சொல்வார்களா? எல்லைக்கோட்டில் இருந்த நான்காவது நடுவரும் அதே வாக்கி-டாக்கியில் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கையைக் காட்ட, நடுவர் ஒரு கேள்வியும் கேட்காமல் விசில் ஊதினார். சொந்த அணியின் கேப்டன் இந்தச் சபையில் இருக்கிறார். என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஆனாலும் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு தெற்குக் கேலரியைப் பார்த்து நடந்தார். எதிரணிக்காரர்களும் பின்னாலேயே போனார்கள். கையை உயர்த்தித் தட்டினார்கள். படிக்கட்டின் மேலே நின்றவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். மேலிருந்து வந்த நெருக்கம் நின்றது.

கீழே மாட்டிக்கொண்டவர்கள்? முன்வரிசையில் இருந்தவர்கள் கேட்டின் இரும்புத் தகட்டில் நசுங்கிக்கொண்டிருந்தார்கள். கத்தக்கூட மூச்சு இல்லை. அதனால்தான் எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை.

அண்ணன் வெளியே ஓடினார். சாவிக்காரரைக் காணோம். புல்தரைக்கு உருளை இழுக்கும் டிராக்டர் அங்கே நின்றது. அதன் ஓட்டுநர் ஆஸ்பத்திரியில் என்னிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "கேட்டுச் சங்கிலியில கயித்த மாட்டிட்டு, 'எனக்கு ரொம்பப் பயமா இருக்கு தம்பி, இழு'ன்னாரு. இழுத்தேன். சங்கிலி அறுந்துது. கூடவே ஒரு கதவு மேல் கீலோட பிச்சுக்கிட்டுச் சாஞ்சுது. ஜனங்க மேல விழப்போகுது. அவரு ஓடிப்போய்ச் சுவத்துக்கும் கதவுக்கும் நடுவுல புகுந்து, அதத் தன் தோள்மேல சாச்சுப் பிடிச்சுக்கிட்டாரு. 'நகந்துருங்கண்ணே'ன்னு கத்தினேன். 'நகந்தா விழுந்துரும்'னாரு."

அந்த வழியாகத்தான் எல்லோரும் வெளியே வந்தார்கள். மூச்சுக்குத் தவித்து வருகிறவர்களுக்குக் கதவுக்குப் பின்னால் ஒரு மனிதர் இருப்பது தெரியுமா? அவர்களைக் குறை சொல்ல முடியுமா? கதவின் மேல் சாய்ந்தும் மோதியும் கடந்து போனார்கள். எலும்பு முறிந்தவர்கள் உண்டு, நினைவு தப்பியவர்கள் உண்டு. எல்லோரும் பிழைத்து வீடு திரும்பிவிட்டார்கள். கதவை விலக்கிப் பார்த்தபோது அண்ணன் சுவரோடு சுவராக நின்றபடியே இருந்தார். ஆம்புலன்ஸில் அவரை ஏற்றியபோது உயிர் இல்லை.

அவரை வீரர் என்று இந்த மேடையில் பலர் சொன்னார்கள். சொல்லுங்கள், எனக்கும் பெருமைதான். ஆனால் பயப்படாதவர் என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். ஆஸ்பத்திரி நடைவழியில் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியில பயந்தாராம்மா?" என்று கேட்டார். "ஆமா அண்ணி, ரொம்பப் பயந்தார்" என்றேன். அண்ணி தலையை ஆட்டினார். "அப்படின்னா அவரு நல்லாப் பாத்துத்தான் செஞ்சிருக்காரு" என்றார்.

அவர் விட்ட வேலையைத் தொடர்வோம் என்று உறுதி சொல்லி முடிப்பது இப்படிப்பட்ட கூட்டங்களின் வழக்கம். வெறும் உறுதியாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

மேல் லீக்கோ கீழ் லீக்கோ, அடுத்த பருவத்தில் அந்த அணியின் முதல் ஆட்டம் அதே மைதானத்தில். ஒவ்வொரு வாசலிலும் ஒரு ஆள் நின்று, திறந்திருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் விசில் என்று நடுவர் சங்கம் இன்று காலை எனக்கு வாக்குக் கொடுத்தது. அதுவரை அணிகளின் பெயரை நான் படிக்க மாட்டேன். அணியை மைதானத்துக்குள் கூட்டி வர மாட்டேன் என்று கேப்டனும் சொல்லியிருக்கிறார். அந்த மைதானத்தின் உரிமையாளர் இந்த மேடையில்தான் இருக்கிறார். அவர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

ஐயா, சபை நடுவில் உங்களை நிறுத்திக் கேட்பது மரியாதை இல்லை. என் வேலை உங்கள் கையில் இருக்கிறது, அதுவும் தெரியும். இருந்தாலும் கேட்கிறேன். அண்ணி முன்னால் சொல்வீர்களா ஐயா?

தலையை ஆட்டுகிறீர்கள். அது போதாது. வாயால் சொல்லுங்கள்.

பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்கவில்லை என்கிறார்கள். ஐயா சொன்னதை நான் திரும்பச் சொல்கிறேன், அதுதானே என் தொழில். "ஆட்டம் நடக்கும்போது என் மைதானத்தில் ஒரு வாசலிலும் பூட்டு இருக்காது." சரியாகச் சொன்னேனா ஐயா? சரி என்கிறார்.

நன்றி ஐயா. உங்கள் வார்த்தையை நம்புகிறேன். நம்பினாலும், முதல் ஆட்டத்தன்று விசிலுக்கு முன்னால் ஒவ்வொரு வாசலுக்கும் நானே நடந்து போய், கையால் தள்ளிப் பார்ப்பேன்.