முந்தி விழுந்த பச்சை

காலை ஐந்தரைக்குக் கம்பத்திலிருந்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஜீப்புகள் கிளம்பும். பெண்களைத் தோட்டத்தில் இறக்கிவிட்டு ஓட்டுநர்கள் கம்பம்மெட்டு டீக்கடையில் காத்திருப்பார்கள். வேலை முடிந்ததும் வண்டியைக் கூப்பிட, போனில் ஓடும் ஒரு பக்கத்தை நான் எழுதிக்கொடுத்தேன். ஒரே பொத்தான். அமுக்கினால் ஓட்டுநரின் போன் அடிக்கும். அடித்தபிறகு இங்கே பச்சை டிக் விழும்.

மலையில் சிக்னல் மெலிவு. டிக் விழும்வரை திரையில் ஒரு வட்டம் சுற்றும். ஜீப் சங்கத் தலைவர் முஜிபுர் ரஹ்மானுக்கு அது பிடிக்கவில்லை.

"என்னப்பா நசீமு, செக்கு மாடு கணக்கா சுத்திக்கிட்டே கெடக்கு? அமுக்குனா பச்ச வரணும்ல."

அந்தப் பக்கத்தை நான் எழுதிய ரியாக்ட் நிரலில் அதற்கு வழி உண்டு. பதில் வருமுன்பே வந்துவிட்டதாகக் காட்டலாம். செய்தி போகவில்லை என்றால் டிக்கை எடுத்துவிட்டு அதைச் சொல்லவேண்டும். எல்லோரும் செய்வதுதான். நான் முதல் பாதியை எழுதினேன். இரண்டாம் பாதி வரவேண்டிய இடத்தில் 'பிறகு' என்று குறித்துவைத்தேன். அதற்குள் சென்னையிலிருந்து வேறு வேலை வந்துவிட்டது.

பெண்களுக்குப் பக்கம் பிடித்துப்போனது. அடுத்த தெரு அக்கம்மாள் என்னைக் கண்டால் விடமாட்டார்.

"ஏலே, ஒன் பச்சையப் பாத்தாத்தான் எங்களுக்கு வீட்டு நெனப்பே வருது. பொண்ணு பாக்கவும் ஒரு பட்டன் செஞ்சுக்கடா."

ஆனியில் ஒரு மதியம் தோட்டத்தில் அவரைப் பாம்பு கடித்தது. கூட வேலை செய்த வேல்விழி பொத்தானை அமுக்கினாள். பச்சை விழுந்தது. வழக்கமாக என்றால் போர்வையில் போட்டு ரோட்டுக்குத் தூக்கிப்போயிருப்பார்கள். அங்கே ஏதாவது வண்டியை மறிக்கலாம். ஜீப்தான் வருகிறதே என்று நிழலில் படுக்கவைத்துக் காத்திருந்தார்கள். வேல்விழி மறுபடி அமுக்கினாள். மறுபடி பச்சை.

செய்தி அவள் போனைவிட்டு வெளியே போகவே இல்லை. அக்கம்மாள் அந்த நிழலிலேயே இறந்துபோனார்.

கேள்விப்பட்டதும் இரண்டாம் பாதியை எழுதினேன். சின்ன வேலை. 'பிறகு' என்பதை அழித்தேன். இனி யாருக்கும் இப்படி ஆகக்கூடாது என்றுதான் செய்தேன்.

போலீஸ் கூப்பிட்டபோது செய்துகாட்டினேன். சிக்னல் இல்லாவிட்டால் சிவப்பு வந்தது. பச்சை விழுந்தால் ஓட்டுநருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று பொருள், சார் என்றேன். அந்த நிமிடத்தில் அது உண்மை. நான் பொய் சொல்லவில்லை.

ஸ்டேஷன் பெஞ்சில், அன்று அவர்களை இறக்கிவிட்ட ஓட்டுநர் தங்கப்பாண்டியன் உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டும் போகாமல் டீ குடித்தவர் என்று ஊர் முடிவு செய்திருந்தது. ஜீப்பின் கண்ணாடியை உடைத்துவிட்டார்கள். வேல்விழி அவர் வாசலில் மண்ணை வாரித் தூற்றினாள். அவரே தன் காதைச் சந்தேகிக்கத் தொடங்கியிருந்தார்.

தன் போனை இரண்டு கைகளாலும் என்னிடம் நீட்டினார்.

"தம்பி, ஊரு சொல்லுறத விடு. இதச் செஞ்சவன் நீ. நல்லாப் பாத்துச் சொல்லு. அன்னைக்கு எனக்கு அடிச்சுச்சா?"