விரிப்பின் எதிர்முனை

என் நூலை வரிவிடாமல் படித்துவிட்டு வந்து எனக்குப் பயம் காட்டும் அவைத்தலைவர் அவர்களே! கண்ணாடியைத் துடைத்துக் காதைத் தீட்டிக் காத்திருக்கும் மூத்தோரே! மடியில் மழலை உறங்க, மனம் உறங்காத தாய்மாரே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் எதிர்முனை அக்காவே! உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

எதிர்முனை அக்கா யார் என்கிறீர்களா? சொல்லாமல் இறங்குவேனா!

எழுத்தாளர் என்று இன்று என் கழுத்தில் மாலை போட்டார்கள். எட்டு ஆண்டுகள் நான் ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடித்தவள். விரிப்பை ஒருத்தியாக மடிக்க முடியாது. இருவர் இரு முனையில் நின்று, எதிரெதிரே நடந்து, மூலையோடு மூலை சேர்க்க வேண்டும். இயந்திரங்களின் இரைச்சலில், மூலைகள் சேரும் அந்த நொடியில் மட்டுமே பேச்சு காதில் விழும். ஆக, மடிப்புக்கு ஒரு வரி!

எதிர்முனையில் நின்ற அக்காவுக்கு என் மொழி தெரியாது. எனக்கு அவர் மொழி தெரியாது. ஆனாலும் கதை சொன்னேன். தமிழில்தான் சொன்னேன்! வேலை கேட்க வேறு மொழி உண்டு, விண்ணப்பம் நிரப்ப வேறு மொழி உண்டு. மனம்விட்டு அழ எனக்குத் தமிழைத் தவிர வேறென்ன உண்டு?

மூன்று வயது மகளைத் தமக்கை வீட்டில் விட்டுவிட்டு, கடல்கடந்து வேலைக்குப் போனவளின் கதை அது. வேறு யாருடைய கதையோ என்பதுபோலத்தான் சொன்னேன். மகளைப் பற்றிய வரி வந்தால் மட்டும், என் கை தானாக அவள் உயரத்தைக் காட்டும். அக்காவும் தன் மொழியில் ஏதோ பதில் சொல்வார். என்ன சொன்னார்? இன்றுவரை தெரியாது! சிரிக்கிறீர்களே, வீட்டில் பாதிப் பேச்சை நீங்களும் அப்படித்தானே கேட்கிறீர்கள்?

அக்கா ஓய்வுபெற்ற நாள், அழைத்துப்போக மருமகள் வந்தார். இரு மொழியும் அறிந்தவர். என்னை நிறுத்திக் கேட்டார்:

"அத்தை ஒண்ணு கேக்கச் சொன்னாங்க. முதல்ல உங்க இடுப்புக்குக் கீழே இருந்த குழந்தை, இப்ப தோள் வரைக்கும் வளந்துட்டாளாம். அம்மாகிட்ட எப்ப வருவான்னு கேக்கறாங்க."

அவையோரே, ஆடிப்போனேன்! ஒரு சொல்லும் புரியாதவர், எட்டு ஆண்டுகளாக என் கை ஏறிய உயரத்தைப் படித்திருக்கிறார். மகளை அழைத்துக்கொள்ள மூன்று முறை விண்ணப்பித்து, மூன்று முறையும் மறுப்பு வாங்கி, நான் ஓய்ந்துபோயிருந்த நேரம் அது.

"இனிமே வரமாட்டான்னு சொல்லிடுங்க" என்றேன்.

அக்கா என் கையை விடவேயில்லை. படபடவென்று ஏதோ சொன்னார். மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இவ்வளவு தூரம் சொல்லிட்டு பாதியில விடுவியான்னு திட்டறாங்க."

திட்டு வாங்கிய அன்று மாலையே இரண்டு எழுதினேன். ஒன்று, நான்காம் விண்ணப்பம். மற்றொன்று, இந்த நூலின் முதல் வரி!

எந்த மொழி பெரிது என்று எனக்கு வாதாடத் தெரியாது. என் தமிழைத் தமிழறியாத ஒருத்தி எட்டு ஆண்டுகள் காத்திருந்து கேட்டாள். என் மொழிக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும்?

அக்கா பக்கத்தில் அமர்ந்திருக்கும் அம்மா மருமகளே, இதை மட்டும் அத்தை காதில் சொல்லுங்கள். கதையின் கடைசி வரி.

பாப்பா, எழுந்து அக்கா பக்கத்துல நில்லு.

பாருங்கள் அக்கா! இனி என் கையால் காட்ட முடியாது. என்னைவிட ஒரு சாண் உயரம்!

கேட்ட காதுகளுக்கெல்லாம் நன்றி. வணக்கம்.